தாத்தாவுக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் டிரைவர், பெரும்பாலும் ராத்திரி வண்டி, போன வருஷம் ஓய்வு. ஒரே மகளுக்கு உங்கள் வீட்டில் வைத்து முதல் பிரசவம், பேத்தி பிறந்து 38 நாள் ஆகிறது. மருமகனுக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார். பேத்தியைத் தூக்கினால் உங்களுக்குக் கண் கலங்குகிறது. அதைப் பார்த்த மகள், "என்னை இப்படித் தூக்கியிருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டாள். தாத்தாவாக நான் என்ன செய்ய வேண்டும், இந்த வயதில் ஒரு மனுஷன் மாற முடியுமா என்று முடித்திருக்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் பேத்தியைப் பற்றிய கேள்விதான். இரண்டு தடவை படித்த பிறகு, நீங்கள் கேட்பது மகளைப் பற்றி என்றே எனக்குப் பட்டது. 38 நாள் குழந்தைக்கு உங்களிடம் பழைய பாக்கி எதுவும் கிடையாது. கை சூடாக இருக்கிறதா, கழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறீர்களா என்பதுதான் அதற்குத் தெரியும். பாக்கி இருப்பது மகளிடம். அவள் பிறந்து ஏழாம் நாள்தான் முகத்தையே பார்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் பதிலும் தொட்டிலைச் சுற்றி வந்துவிட்டு அவளிடம்தான் போய் நிற்கும்.

நான் குழந்தை மருத்துவன். தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 31 வருஷம் வேலை பார்த்தேன். மனநல மருத்துவம் படித்தவன் இல்லை. ஆகவே குழந்தையின் உடம்பைப் பற்றிச் சொல்வதை டாக்டர் சொன்னதாகவும், மனசைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் முன்னால் தாத்தாவான ஒருவன் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 31 வருஷத்தில் தாத்தாக்களை நான் அதிகம் பார்த்தது வெளியே கிடந்த பெஞ்சில்தான். குழந்தையோடு அம்மாவும் பாட்டியும் உள்ளே வருவார்கள். தாத்தா பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். எல்லாம் முடிந்ததும் கதவோரம் தலையை நீட்டி, "ஒண்ணும் பயமில்லையே டாக்டர்?" என்பார். பணம் கொடுப்பார், ஆட்டோ கூப்பிடுவார், அத்தோடு சரி. ஒரே ஒருவர் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். தச்சு ஆசாரி. பேரனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எப்போது ஆரம்பித்தது, எத்தனை வேளை மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றாள் தாய், திங்கள் ராத்திரியே என்றார் பாட்டி. இரண்டு பேருக்கும் என் முன்னாலேயே வாக்குவாதம். கதவோரம் நின்றவர் உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து தினசரிக் காலண்டர் தாள் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ராகு காலம், எமகண்டம் அச்சடித்த தாள்களின் பின்பக்கம், தச்சுப் பென்சிலால் பட்டையாக எழுதியிருந்தது. மணி, காய்ச்சல் எவ்வளவு, மருந்து எத்தனை மில்லி, பையன் எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான் என்பது வரைக்கும். "கேட்டா சொல்லலாம்னு வச்சிருந்தேன். யாரும் கேக்கல" என்றார். அன்றைக்கு வைத்தியத்தை அந்த மூன்று தாளை வைத்துத்தான் முடிவு செய்தேன். அப்புறம் பெஞ்சில் இருப்பவரையும் உள்ளே வரச் சொல்லும்படி நர்ஸம்மாவிடம் சொல்லி வைத்தேன். கூப்பிட்டும் பாதிப் பேர் வரமாட்டார்கள், அது வேறு கதை.

ஏன் நம் ஆண்கள் இப்படி ஒதுங்கியே பழகினார்கள்? எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1971 வாக்கில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூற்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்கில் அது 13. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் கைக்குழந்தையிடம் மனசை முழுசாகக் கொடுக்காமல், பிள்ளை நடக்கட்டும், பேசட்டும் என்று காத்திருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம். எண்கள் நிச்சயம், காரணம் என் ஊகம். எப்படியோ, பயம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. உங்களுக்குக் கண் கலங்குவது இந்தப் பழக்கம் உடைகிற இடம் என்று நான் நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த வயதில் மாற முடியுமா என்று கேட்டீர்களே, அதற்கு ஆராய்ச்சி உலகம் சொல்வதையும் கேளுங்கள், நம்மைத் தூக்கிவைத்துப் பேசுவதாக மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மனித இனத்தில் பெண்கள் மாதவிலக்கு நின்ற பிறகும் பல வருஷம் உயிரோடு இருப்பதற்குக் காரணமே பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் என்று ஒரு கருதுகோள் உண்டு. தான்சானியாவில் ஹட்சா மக்களோடு இருந்து, கிழவிகள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் கவனித்த கிறிஸ்டன் ஹாக்ஸ் போன்ற மானிடவியலாளர்கள் அதை வளர்த்தார்கள். பின்லாந்தில் பழைய தேவாலயப் பதிவேடுகளைத் தோண்டியதில், பாட்டி இருந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் அதிகம் பிழைத்தது தெரிந்தது. அதே பதிவேடுகளில் தாத்தாவையும் தேடினார்கள். அவர் இருந்ததால் கூடுதலாக ஒரு குழந்தைகூடப் பிழைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துத் தாத்தா, அந்த ஊர்த் தாத்தா என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெர்லினில் எழுபது வயது தாண்டிய ஐந்நூறு பேருக்கு மேல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அப்படிச் செய்யாதவர்களைவிட நீண்ட நாள் இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'அவ்வப்போது'. முழுப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்ட தாத்தா பாட்டிகள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. தெம்பாக இருப்பவர்தானே பிள்ளையைத் தூக்கப் போவார் என்ற சந்தேகமும் முழுசாகத் தீராது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2021-ல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் ஐம்பது பாட்டிகளை ஸ்கேன் எந்திரத்தில் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். பேரப்பிள்ளையின் படத்தைப் பார்த்தபோது, அடுத்தவரின் உணர்ச்சியை அப்படியே தனக்குள் உணர வைக்கிற மூளைப் பகுதிகள் அதிகம் வேலை செய்தன. வளர்ந்த தன் சொந்தப் பிள்ளையின் படத்தைப் பார்த்தபோது, அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று யோசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிகள். பேத்தி சிரித்தால் நமக்கும் சிரிப்பு வந்துவிடும், அதற்கு ஒரு மெனக்கெடலும் வேண்டாம். மகள் முகம் வாடியிருந்தால் ஏன் என்று மெனக்கெட்டுத்தான் யோசிக்க வேண்டும். இது ஒரே ஒரு ஆய்வு, அதுவும் பெண்களை மட்டும் வைத்துச் செய்தது, இதைத் தாத்தாவுக்கு நீட்டுவது என் சொந்தப் பொறுப்பில். ஆனாலும் நீங்கள் மாற வேண்டியது எந்தப் பக்கம் என்பதை அது எனக்குக் காட்டிக்கொடுத்தது.

சரி, குழந்தையின் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாத்தா தவறு செய்வது இங்கேதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், வெயில் காலமானாலும் தண்ணீர் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நம் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் சேனை வைக்கிற வழக்கம் உண்டு, வைத்தவரின் குணம் வரும் என்பார்கள். பிறந்த வீட்டில் தாத்தாவுக்கென்று சம்பிரதாயம் கொடுத்த ஒரே உருப்படியான வேலை அது, அதையும் டாக்டர்கள் நாங்கள் பிடுங்கிவிட்டோம். மூக்கில், காதில் எண்ணெய் விடக்கூடாது. கண்ணில் மை வேண்டாம். மல்லாக்கத்தான் தூங்கவைக்க வேண்டும், குப்புற அல்ல. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் வீட்டுக்குள் அறவே கூடாது. புகை படுகிற குழந்தைக்கு நிமோனியாவும் காதுத் தொற்றும் அதிகம் வரும், தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்தும் கூடும். இருமல் சளி இருக்கிற நாளில் தூக்காதீர்கள். இதில் பாதி, உங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வேறு மாதிரி இருந்தது. கொழுகொழுவென்ற குழந்தையின் படம் போட்ட பால்பவுடர் டப்பா அன்றைக்குப் பல வீடுகளில் பெருமைக்குரிய பொருள். அந்த விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1992-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே "உன்னை நாங்க அப்படித்தான் வளர்த்தோம்" என்ற வாக்கியத்தை மட்டும் வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அதைச் சொன்னால் அவள் என்ன பதில் சொல்லுவாள் என்று உங்களுக்கே தெரியும்.

நான் தாத்தாவான கதையையும் சொல்கிறேன். நாலு வருஷம் முன்னால் மகள் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். டாக்டர் தாத்தா, கேட்க வேண்டுமா! காலையில் எழுந்ததும் பேரனை வெளிச்சத்தில் பிடித்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பேன். தூங்குகிறவனின் மூச்சை எண்ணுவேன். பால் போதவில்லையோ என்று மூன்று வேளையும் விசாரிப்பேன். பன்னிரண்டாம் நாள், ஈரத்துணியை மாற்றுவதற்காக அவள் பையில் துணி தேடினேன். அடியில் ஒரு தடுப்பூசி அட்டை கிடந்தது. அதில் வேறு டாக்டரின் முத்திரை. பக்கத்து ஊரில் என்னிடமே வேலை பழகிய பையன்! எனக்குத் தெரியாமல் அம்மாவும் மகளும் ஆட்டோ பிடித்துப் போய் வந்திருக்கிறார்கள். அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, துணியை எடுத்துக் கட்டிவிட்டு, கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கோபமா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பல மாதம் கழித்து அவளாகவே சொன்னாள், "உங்ககிட்ட காட்டினா எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல முடியாதுப்பா. தெரியலைன்னும் சொல்ல முடியாது." அந்தப் பன்னிரண்டாம் நாளிலிருந்து என் வேலை துணி மடிப்பது. கொடியிலிருந்து எடுத்து, சின்னத் துணி தனி, பெரிய துணி தனி. அதிலும் முதல் வாரம் தப்பாகத்தான் மடித்தேன்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "என்னை இப்படித் தூக்கியிருக்கீங்களா" என்று கேட்டபோது நீங்கள் பேசாமல் குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. "இல்லம்மா, தூக்கல. வண்டி வண்டின்னு ஓடிட்டேன், தூக்கியிருக்கணும்" என்று இரண்டு வரி போதும். டெப்போவில் ஆள் இல்லை, லீவு கொடுக்கவில்லை, டபுள் டூட்டி பார்த்துத்தான் உன் காலேஜ் பீஸ் கட்டினேன் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரியோடு அதைச் சேர்த்தால் இரண்டு வரியும் காணாமல் போகும். அவள் அழலாம், திட்டலாம், ஒன்றுமே சொல்லாமல் அடுப்படிக்குப் போகலாம். இதைச் சொன்னால் உறவு சரியாகிவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சில வீடுகளில் சொன்ன மறுநாளே சூழல் இளகியதைப் பார்த்திருக்கிறேன், சில வீடுகளில் ஒரு அசைவும் இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மகளுக்குச் செய்யாததைப் பேத்திக்குச் செய்து கணக்கைத் தீர்க்கலாம் என்று பொம்மையாக வாங்கிக் குவிக்காதீர்கள். வாங்கிக்கொள்கிறவர் வேறு, கொடுக்க வேண்டிய முகவரி வேறு என்பது பெற்ற பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும்.

அவளைக் கவனிப்பதில் மருத்துவமும் உண்டு. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல் இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமை, நான் நல்ல அம்மா இல்லை என்ற பேச்சு எல்லாம் நீடித்தால் அது நோய். வளரும் நாடுகளில் பிரசவித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இது வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்தும் ஆலோசனையும் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சிகிச்சை எடுக்கலாம். உங்கள் வீட்டுக்கு இது 38-ஆம் நாள், ஆகவே பார்க்க வேண்டிய காலம்தான். 14416 என்ற மத்திய அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த எண் உங்களுக்கும் சேர்த்துத்தான். போன வருஷம் வேலை போய், இந்த வருஷம் தாத்தா ஆகியிருக்கிறீர்கள். கண் கலங்குவது நோய் அல்ல. சாப்பாடு, தூக்கம் குறைந்து, இருந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு வாரக்கணக்கில் ஓடினால் டாக்டரைப் பாருங்கள்.

இனி மருமகன். நீங்கள் அவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார், ஹாலில் உட்காருகிறார், சாப்பிடுகிறார், சாயங்காலம் வண்டி ஏறுகிறார். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தில் பெண்ணுக்கு ஆறுதல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது அப்பனை மூன்று மாதமோ ஐந்து மாதமோ விருந்தாளியாக்கி வைக்கிறது. குளிப்பாட்ட மாமியார், தூக்க மாமனார், ஆலோசனைக்கு அத்தை, அப்பனுக்கு எது மிச்சம்? முப்பது வருஷம் முன்னால் நீங்கள் நின்ற அதே இடத்தில்தான் அந்தப் பையன் நிற்கிறார், உங்களுக்கு டெப்போ, அவருக்குக் கம்பெனி. அவர் வந்ததும் குழந்தையை அவர் கையில் கொடுங்கள். கழுத்தைப் பிடி, இப்படிப் பிடி என்று சொல்லிக்கொடுக்க ஆசை வரும், வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். தாத்தாவாக நீங்கள் செய்யக்கூடியதில் மிகப் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதையும் நான் நீட்டப் போவதில்லை.

எரிக் எரிக்சன் என்ற மனோதத்துவ அறிஞர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். ஏழாவதில், அடுத்த தலைமுறைக்கு எதையாவது பேணிக் கொடுப்பதா, தேங்கிக் கிடப்பதா என்ற இழுபறி. எட்டாவதில், கடந்து வந்ததைத் திரும்பிப் பார்த்து நிறைவா, கசப்பா என்ற இழுபறி. உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருப்பதாகத் தெரிகிறது, ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் மகளின் கேள்வி. இந்தக் கட்டங்களை ரத்தப் பரிசோதனை போல நிரூபிக்க முடியாது, ஆனால் ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்ல உதவும்.

அடுத்த வாரம் பேத்திக்கு ஒன்றரை மாத ஊசி. நீங்களும் கூடப் போங்கள், பெஞ்சில் உட்காராமல் உள்ளே போங்கள். அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், சிணுங்கலாம், ஊசி போட்ட தொடை வீங்கலாம். நர்ஸ் சொன்ன அளவு மருந்து மட்டும், அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கொடுத்த மணியை எழுதி வையுங்கள், காலண்டர் தாள் போதும். பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஊசி போடாத நாளில் இந்த வயதுக் குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலும் உடனே போக வேண்டும். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டார்கள். நீங்கள்தான் முப்பது வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு முழித்திருந்து பழகியவர். ஓய்வு பெற்றும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே. வாசலுக்குப் போகாதீர்கள். மகள் பால் கொடுத்து முடித்ததும், "கொண்டாம்மா, நீ படு" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஏப்பம் வரும்வரை ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடங்கள்.